வலிப்புக்குச் சாதி இல்லை, வைத்தியத்துக்கு இருக்கிறது

என் அக்கா மகளுக்கு முதல் வலிப்பு வந்தது பள்ளிக்கூடத்தில். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறாள். கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி, பாவாடை நனைந்து கிடந்தவளைப் பார்த்துக் கூடப் படிக்கிற பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடியிருக்கின்றன. யாரோ ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டு நெம்பியதில் முன்பல் ஒன்று உடைந்தது. வலிப்பு இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. உடைந்த பல் உடைந்ததுதான்.

எங்கள் வீடு வானகரத்தில். இந்தப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் கூவம். நடுவில் நாங்கள். சாலையோரம் கண்ணாடி வைத்த பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் எழும்பி நிற்கிறது. மூளைக்கு ஒரு மாடி, இருதயத்துக்கு ஒரு மாடி. அதைக் கட்டும்போது சித்தாளாகப் போனவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இன்று அங்கே தரை துடைக்கப் போகிறவர்களும் எங்கள் தெருதான். நோயாளியாக உள்ளே போனவர்களைத் தேடினால்தான் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

"ஆத்தோரமா போயிருக்கும், காத்து கருப்பு அண்டிக்கிச்சு" என்றார்கள் பெரியவர்கள். மூன்று வாரம் வேப்பிலை, தாயத்து, பூசாரி. ஒரு அமாவாசைக்குக் கோழி. நான்காவது வாரம் மறுபடி வலிப்பு. அதற்குப் பிறகுதான் கம்மலை அடகு வைத்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் பட்டாணி அளவில் ஒரு வளையம். டாக்டர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எங்கள் முகவரியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க பன்னி சாப்பிடுற ஆளுங்களா?"

அக்கா தலையாட்டினாள். "அதான்" என்றார் அவர். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு மருந்து எழுத ஆரம்பித்துவிட்டார். நோய் கண்டுபிடித்தாகிவிட்டது, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

மகள் விழுந்தபோது அழாத அக்கா பஸ்ஸில் அழுதாள். "நாம துன்னதாலதான் கொயந்தைக்கு வந்துச்சாடா?" என்று என்னைக் கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்காவுக்கு மட்டுமல்ல. மேடையில் சாதி ஒழிப்பைப் பேசிவிட்டு, வீட்டில் வலிப்பு மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற நம் எல்லாருக்கும்.

முதலில் அந்தப் புழுவைப் பற்றிப் பேசுவோம். அதன் பெயர் டீனியா சோலியம், நாடாப்புழு. அதன் வாழ்க்கைச் சக்கரத்தில் பன்றி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். சரியாக வேகாத, புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைத் தின்றால் மனிதக் குடலில் நாடாப்புழு வளரும். அது குடல் நோய், மூளை நோய் இல்லை. அந்த நாடாப்புழு இடுகிற முட்டைகள் அந்த மனிதருடைய மலத்தில் வெளியேறும். அந்த முட்டை தண்ணீரிலோ கீரையிலோ கழுவாத கையிலோ ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் போனால், குடலில் பொரிந்து ரத்தத்தில் ஏறித் தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்க் கட்டியாக உட்காரும். மூளையில் உட்கார்ந்தால் வலிப்பு வரும். ஆக, மூளைக்குள் இருக்கிற வளையம் கறிச்சட்டியிலிருந்து வரவில்லை. மலத்திலிருந்து வந்தது. பன்றியும் அப்படித்தான் நோய் வாங்குகிறது, மனித மலத்தைத் தின்று. பன்றி நமக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாம்தான் பன்றிக்குக் கொடுத்திருக்கிறோம்.

அதனால்தான் வாழ்நாளில் கறியே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நரம்பியல் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. நன்றாக வேகவைத்த கறியில் புழு பிழைக்காது. பச்சையாகத் தின்கிற வெள்ளரிக்காயிலும் கொத்தமல்லியிலும் முட்டை ஒட்டியிருந்தால் பிழைக்கும். அப்படியென்றால் அந்த டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்ன? "உங்க தெருவுல கக்கூஸ் இருக்குதா? குடிதண்ணி எங்கேர்ந்து வருது?" இதுதானே! அதைக் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களாக இருந்திருக்க மாட்டோம். பஞ்சாயத்தும் அரசாங்கமும் பதில் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பின்னாடி ஓடுகிற கூவத்தில் இராத்திரியில் கழிவுநீர் லாரி வந்து கொட்டிவிட்டுப் போவதை எங்கள் தெருக் குழந்தைகள்கூடப் பார்த்திருக்கின்றன. அது எந்த அடுக்குமாடியின் கழிவு? யார் வீட்டு மலம் யார் தெருவுக்கு வருகிறது? கேள்வியை அங்கே போகவிடாமல் எங்கள் சட்டிக்குள் திருப்பிவிடுவதற்குப் பெயர்தான் சாதி. அதற்குக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டினாலும் சாதிதான்.

இது இங்கே மட்டும் நடக்கிற கூத்து இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், 1990-91இல், ஆசாரமான யூதர்கள் நான்கு பேருக்கு இதே மூளைப்புழு நோய் வந்தது. அவர்கள் மதத்தில் பன்றியே கூடாது. டாக்டர்கள் திகைத்துப்போய்த் தேடினார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புக்கு வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் மூலம் முட்டை பரவியிருக்கிறது என்று முடிவுக்கு வந்து 1992இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பன்றி தின்பதற்கும் மூளைப்புழுவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்று உலகத்துக்கே விளங்கவைத்த சம்பவம் அது. சரி. ஆனால் தோழர்களே, இங்கேயும் விரல் எங்கே நீள்கிறது பாருங்கள். வேலைக்காரப் பெண் மேல் நீள்கிறது. அவள் ஊரில் கழிப்பறை கட்டாத ஆட்சிமேல் நீளவில்லை. அவளுக்கு ஒரு பரிசோதனை, ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் அவள் குடலில் இருந்த புழுவே போயிருக்கும். அவள் வயிற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, முதலாளி மூளையில் வளையம் தெரிகிறவரைக்கும்.

நம் பக்கத்திலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குடலில் நாடாப்புழு உள்ளவர் ஒரு வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அவருக்கே கூட ஆபத்துதான். திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடத்தில் பன்றியை அவிழ்த்துவிட்டு வளர்த்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கறியை நன்றாக வேகவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பன்றியை அடைத்து வளர் என்று நாமே நம் சனத்துக்குச் சொல்ல வேண்டும். நம் சாப்பாட்டைப் பழிப்பது வேறு, நம் உடம்பைக் காப்பது வேறு. முதலாவதை எதிர்க்கிற ரோஷத்தில் இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

அந்த வளையத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. நம் நாட்டில் வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் இப்படிச் சின்ன வளையம் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1980களின் கடைசியில் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பெரும்பாலானவை காசநோயே அல்ல, இந்தப் புழுவின் மிச்சம் என்று காட்டினார்கள். அது தானாகவே கரைந்துபோவதும் உண்டு. வலிப்புக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு பொறுத்திருந்து பார்த்தால் போதும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். எத்தனை பேர் வேண்டாத மருந்திலிருந்தும் வேண்டாத மண்டை அறுவையிலிருந்தும் தப்பித்திருப்பார்கள்! நம்பியதை நிறுத்திவிட்டுப் பார்ப்பது, அதுதான் விஞ்ஞானம். நம்பியதையே ஸ்கேனிலும் பார்ப்பது வேறொன்று.

வலிப்பு என்றால் என்ன? மூளையின் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு திடீரென்று ஒரே கூச்சலாகிப்போவதுதான் வலிப்பு. புழு காரணமாகலாம், தலையில் அடி காரணமாகலாம், பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறியது காரணமாகலாம், மூளைக் காய்ச்சல் காரணமாகலாம், பரம்பரையும் இருக்கலாம், காரணமே தெரியாமலும் போகலாம். இந்தப் பட்டியலைப் பாருங்கள். கெட்ட தண்ணீர், ஹெல்மெட் இல்லாமல் சாரத்திலிருந்து விழுவது, கவனிப்பில்லாத பிரசவம். இதில் பாதி சேரியின் விலாசம். உலகத்தில் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் நம் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜெர்மனிக்காரர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதலில் பதிவு செய்தார். 1929இல் வெளியிட்டார். அதுதான் இன்றைய இ.இ.ஜி. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. இத்தனை எந்திரம் வந்த பிறகும் வலிப்பு நோயைத் தீர்மானிப்பதில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? பார்த்தவர் சொல்லுக்கு. இ.இ.ஜி. சரியாக இருந்தும் வலிப்பு நோய் இருக்கலாம். வலிப்பு வந்தபோது நோயாளிக்கு நினைவு இல்லை. பக்கத்தில் இருந்தவர்தான் சாட்சி. கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கை முதலில் வெட்டியது, எவ்வளவு நேரம், நாக்கைக் கடித்தாளா, பிறகு தூங்கினாளா? சேரியில் இருக்கிற தாய் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கத் தெரியாத டாக்டருக்கு இந்த நோயைக் கண்டுபிடிக்கவே தெரியாது. நம் பேச்சை மதிக்காதது ஒழுக்கக் கேடு மட்டுமல்ல, மருத்துவப் பிழையும்தான். எத்தனை பெண் பிள்ளைகளின் நிஜ வலிப்பு "நடிக்கிறா" என்று தள்ளப்பட்டிருக்கிறது!

எங்களை அப்படிக் கேட்டவரும் உண்டு. தனியாரில் காசு தீர்ந்துபோய் அரசு மருத்துவமனைக்குப் போனோம். விடியற்காலையில் வரிசை, மத்தியானம்வரை காத்திருப்பு. உள்ளே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். "அம்மா, நீங்க பாத்தத அப்படியே சொல்லுங்க" என்றார். அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். சாதி கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீரைப் பற்றிக் கேட்டார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று இரண்டு தடவை சொன்னார். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் போய்விட்டது. அந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோல ஒரு தழும்பு. அது இருக்கிறவரை வலிப்பு திரும்ப வரலாம், மாத்திரை தொடரட்டும் என்றார்கள். மாத்திரை இலவசம். மருந்து இருந்தது, மனுஷியும் இருந்தார். ஆக, முடியாத காரியம் இல்லை இது.

மருந்து புதியதும் இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. பீனோபார்பிட்டோன் 1912இலேயே வந்துவிட்டது. பெனிட்டாயின் 1938இல். ஒரு ஆளுக்கு ஒரு வருஷ மருந்துக்கு 5 டாலர்கூடப் போதும், ஒழுங்காக மருந்து கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் வறிய நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு வேண்டிய சிகிச்சை கிடைப்பதில்லை. நூறு வருஷமாக மருந்து இருக்கிறது, நோயாளியிடம் வந்து சேரவில்லை. இந்தத் தூரத்தை எந்த ஸ்கேனில் பார்ப்பது?

தமிழ்நாட்டில் இந்த வைத்தியம் பின்தங்கியது என்றும் சொல்ல முடியாது. நாட்டிலேயே முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருஷமே, 1950இல், சென்னை ஜி.எச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எங்கள் வாசலில் ஓடுகிற இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது அந்த ஜி.எச். ஒரே ரோடு. ஆனால் பூசாரி வீடு தெருமுனையில் இருந்தது. அதுதான் எங்களுக்குக் கிட்டே.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அவள் படித்து முடித்தாள். ஆறு வருஷம் வலிப்பு இல்லை. மாப்பிள்ளை வந்தது, நம் சனத்தில்தான். "மாத்திரை விஷயம் வெளிய தெரிய வேணாம்" என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன். பகுத்தறிவுக் கூட்டங்களில் பேசியவன், பெண்ணுரிமை பற்றி இதே மாதிரிப் பத்திரிகைகளில் எழுதியவன். "கல்யாணம் ஆவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது என் வாய்தான். மாமியார் வீட்டில் மாத்திரை விழுங்க அவளுக்குத் தைரியமில்லை. நிறுத்திவிட்டாள். பதினைந்தாம் நாள், அடுப்படியில் சோறு வடிக்கும்போது வலிப்பு. கொதிக்கிற கஞ்சி வலது கை முழுக்க. "பேய் புடிச்ச பொண்ண தள்ளிட்டு ஏமாத்திட்டாங்க" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆதிக்கசாதிக்காரன் செய்ததில்லை இது. நம் ஆட்கள் நம் பெண்ணுக்குச் செய்தது. அதற்கு நான் துணைபோனேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அப்போதுதான் தேடிப் படித்தேன். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976 திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்களைத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் வரிசையில் வைத்திருந்தது. 1999இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். ஆகவே வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் இன்றைக்கு ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது. நோய் குற்றமில்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. நாங்கள் மறைத்தோமே, அது எதிராளி கையில் நாங்களே எடுத்துக் கொடுத்த ஆயுதம். சொல்லிச் செய்திருந்தால் கல்யாணம் நடக்காமல் போயிருக்கலாம். கை வெந்திருக்காது.

மறைப்பதற்கும் மந்திரிப்பதற்கும் வேர் ஒன்றுதான். நோயைப் பாவமாகப் பார்க்கிற பார்வை. பாவம், கர்மம், தீட்டு என்கிற இந்தக் கணக்கை வைத்துத்தானே நம்மைச் சேரியில் வைத்தான்? அந்தக் கணக்கை நாமே நம் பிள்ளையின் மூளைமேல் போட்டால் என்ன அர்த்தம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தார்கள். ஓடக்கூட முடியவில்லை. மூளையின் நோயைப் பேயாகப் பார்த்ததன் விலை அது. நம் மரபு அது இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பார்த்து மருந்து கொடுத்தவர், பேய் ஓட்டியவர் அல்ல. பாபாசாகேப் அரசியல் சட்ட வரைவுக்காக உழைத்த நாட்களில் சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் தூக்கமில்லாமல் அவதிப்பட்டார். தாயத்துக் கட்டிக்கொள்ளவில்லை, மருத்துவம் பார்த்துக்கொண்டார். நரம்பு நோய் உள்ள ஒருவர் இந்த நாட்டுக்குச் சட்டம் எழுதியிருக்கிறார். வலிப்பு உள்ள பெண் சோறு வடிக்கக் கூடாதென்றால், யாராவது ஒரு மாமியார் வடித்தால் போயிற்று!

இனி என்ன செய்வது? நான் நினைப்பதைச் சொல்கிறேன், மறுக்கிறவர்கள் மறுத்து எழுதுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வலிப்பு மாத்திரை வருஷம் முழுக்கத் தட்டில்லாமல் இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அதே பையில் வலிப்பு மாத்திரையும் தவறாமல் வந்து சேரட்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாசாமாசம் வரிசையில் நிற்க முடியாதவர்கள்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

இரண்டு, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. நரம்பு நோய்களில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, வலிப்பு நோயின் பெயர் தனியாக இல்லை. மருந்துக்கும் அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு வேலையும் இல்லை, சான்றும் இல்லை. இதைக் கோரிக்கையாக்க வேண்டும்.

மூன்று, கழிப்பறையும் கழிவுநீர்க் குழாயும் மூளை மருத்துவம்தான். இதை அழகுபடுத்தும் திட்டமாகப் பேசாமல் வலிப்புத் தடுப்பாகப் பேசுவோம். ஆனால் அந்தக் குழாயை மனிதன் இறங்கிச் சுத்தம் செய்யக் கூடாது. 1993லும் 2013லும் சட்டம் போட்டும் இறங்க வைக்கிறார்களே, அந்த விஷவாயு முதலில் தாக்குவதும் மூளையைத்தான்.

நான்கு, மருத்துவம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காரும்போது எதிரே இருப்பவள் என் அக்கா. அவள் என்ன தின்றாள் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன பார்த்தாள் என்று கேளுங்கள்.

ஐந்து, நமக்கு. யாராவது வலிப்பில் விழுந்தால் இரும்பு கொடுக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, கை காலை அமுக்கிப் பிடிக்காதே. தலைக்குக் கீழே துணி வை, ஒருக்களித்துப் படுக்க வை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடு. அவள் எழுந்திருக்கும்போது முதலில் கண்ணில் படுவது கூட்டமாக இருக்கக் கூடாது, தெரிந்த முகம் ஒன்றாக இருக்கட்டும். இதை ஒவ்வொரு இரவுப் பாடசாலையிலும் சொல்லிக் கொடுக்க அரைமணி நேரம் போதும்.

அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். முதல் வலிப்பு கணக்குப் பாடத்தில் வந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் இல்லை, டி.வி. மேலே எல்லாரும் பார்க்க இருக்கிறது. அவள்தான் எடுத்து வைத்தாள். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதும் அவள்தான், "உன் தப்பையும் சேத்து எழுது மாமா" என்று.

அந்த டாக்டர் கேட்ட நாளிலிருந்து அக்கா வீட்டில் பன்றிக்கறி ஆக்கியதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் புழுவின் கதையை முழுதாக அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்போ நாம துன்னதால இல்ல?" என்றாள்.

"இல்லக்கா."

அடுத்த ஞாயிறு கூப்பிட்டு அனுப்பினாள். கறி நன்றாக வெந்திருந்தது.